என் பேரைச் சொல்லி வந்த மெயில்

ஜன்னல் சீட்டு ஒங்களுக்கே இருக்கட்டும் தாயி, எனக்கு வேண்டாம். இந்தப் பைய மட்டும் ஒங்க காலுக்குப் பக்கத்துல சாய்ச்சு வெச்சுக்கிடுதேன். மெல்ல, மெல்ல. உள்ள கண்ணாடி பாட்டில் இருக்கு. மூட்டு வலித் தைலம். யாருக்குன்னு இல்ல, சும்மா எடுத்துட்டு வந்தேன். போற எடத்துல யாருக்காவது முட்டி வலி இருந்தா குடுக்கலாம்லா.

நீங்க எங்க, பாளையங்கோட்டைக்கா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். பாவூர்சத்திரத்துல ஏறுனேன், இன்னும் ஆலங்குளம் தாண்டல. இந்த டிரைவர் மாட்டு வண்டி ஓட்டிக்கிட்டு இருந்த ஆளு போல. சாயங்காலத்துக்குள்ள நான் ஒரு ஆளைப் பிடிக்கணும். பிடிச்சு, ஒரு கேமரா முன்னால உக்கார வைக்கணும். இல்லாட்டி என் பொழப்பு போச்சு. பொழப்பு போனாக்கூட வேற பொழப்புப் பாத்துக்கிடலாம். பேரு போயிரும்.

யாரையா? யாரு, எனக்குத் தாலி கட்டுன மனுசனைத்தான்.

சிரிக்காதிய. கட்டுன புருசனைப் பிடிக்க பஸ் ஏறிப் போறாளேன்னு நெனைக்கிய. என் கதையைக் கேட்டா நீங்களும் என் பக்கம்தான் பேசுவிய. கேளுங்க.

நான் பிரசவ மருந்து செய்யுதேன். பூண்டு லேகியம், பத்தியப் பொடி, பிள்ளைக்குக் குளியல் பொடி, எல்லாம் எங்கிட்ட உண்டு. ஊருக்குள்ள விக்கிறதில்ல. ஊருக்குள்ள யாரு காசு குடுப்பா? "ஒலகு, ஒரு கரண்டி லேகியம் தாயேன்"னு கிண்ணத்தைத் தூக்கிட்டு வந்து நிப்பாளுவ. நான் அனுப்புறது பூரா வெளிநாட்டுக்கு. கனடா, லண்டன், ஆஸ்திரேலியா. நம்ம பிள்ளைங்க அங்க போய் உண்டாயிருக்குங்க. பெத்தவளுக்கு விசா கிடைக்கல. பத்தியம் ஆக்கிப் போட ஆளு கிடையாது. என்ன செய்யும் பாவம், யாரோ சொல்லி எங்கிட்ட வரும். மருந்து மட்டும் இல்ல தாயி, பச்சைப்பிள்ளைய எப்படிக் கால்ல போட்டுக் குளிப்பாட்டணும்னு வீடியோவுல நான்தான் சொல்லிக் குடுப்பேன். "அம்மா, அம்மா"ன்னு உசிரை விடும். எனக்குப் பிள்ளை கிடையாது. அதைப் பத்திக் கேக்காதிய.

இந்தப் பிள்ளைங்க அனுப்புற பணத்தை வாங்கித் தாறதுக்கு ஒரு கம்பெனி இருக்கு. எல்லாம் ஃபோனுக்குள்ளயேதான். ஒரு ஆபீஸ் உண்டா, போய் வாசல்ல நின்னு கத்தலாமான்னா, அது கிடையாது. அந்தக் கணக்கு ஆரம்பிக்கும்போது பான் கார்டு கேட்டாவ. எனக்கு ஏது பான் கார்டு? அந்த மனுசனுக்கு மில்லுல வேலை பாக்கும்போது எடுத்தது இருந்துச்சு. அப்ப வீட்லதான் இருந்தாரு. யாரு பேர்ல இருந்தா என்ன, ஒரு வீடுதானேன்னு அவரு பேர்லயே போட்டாச்சு. மெயில் என் பேர்ல, ஃபோன் நம்பர் என்னோடது, லேகியம் கிண்டுறது நான், கை வெந்து கொப்புளம் போடுறது எனக்கு. கணக்கு மட்டும் அவரு பேர்ல.

பெறகு அவரு போயிட்டாரு.

காரணம் என்ன காரணம், ஒரு காரணமும் கிடையாது. மில்லை மூடுனதுலேர்ந்து அந்த மனுசனுக்குக் கோவம் மூக்கு நுனியில. சும்மா இருக்காரேன்னு பொடி சலிக்கச் சொன்னேன், சலிச்சாரு. பார்சலுக்கு அட்ரஸ் எழுதச் சொன்னேன், எழுதுனாரு. எழுத்து முத்து முத்தா இருக்கும், அதை ஒத்துக்கிடணும். அதுல என்ன குறை வந்துச்சோ தெரியல. ஒரு நாள் வாய்த்தகராறு. எந்த வீட்ல இல்ல? ஒங்க வீட்ல இல்லையா? சட்டையைப் போட்டாரு, செருப்பை மாட்டுனாரு, போயே போயிட்டாரு. பாளையங்கோட்டையில ஒரு கல்யாண மண்டபத்துல வாட்ச்மேனா இருக்காருன்னு பெறகு ஒரு ஆளு வந்து சொல்லுச்சு. ராத்திரி பகலா நின்னு முட்டி வீங்கிக் கெடக்காம். இருக்கட்டும், எனக்கென்ன.

பொம்பளையா? சே, சே. அதுக்கெல்லாம் துப்புக் கிடையாது தாயி. அதுல எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. பேங்க் பாஸ்புக்குல ரெண்டு பேர் பேரும் இருக்கு. போனதுலேர்ந்து ஒத்த ரூவா அதுலேர்ந்து எடுக்கல. எடுத்தா நான் விடமாட்டேன்னு பயம். வேற என்ன?

சரி, அது கெடக்கட்டும். மெயில் விசயத்துக்கு வாரேன்.

எங்க மகளிர் குழுவுல ஒரு நாள் பேங்க்லேர்ந்து ஒரு மேடம் வந்து வகுப்பு எடுத்தாவ. பணக் கம்பெனி மாதிரியே வேசம் போட்டு மெயில் வருமாம். அதே படம், அதே கலரு, அதே எழுத்து. நம்பி உள்ள போனா கணக்கைச் சுருட்டிட்டுப் போயிருவானாம். அதை எப்படிக் கண்டுபிடிக்கன்னு சொல்லிக் குடுத்தாவ. முதல்ல என்ன சொன்னாவ தெரியுமா? நெசக் கம்பெனி ஒங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிடும். களவாணிக்கு ஒங்க பேரு தெரியாது. அதனால 'வாடிக்கையாளரே'ன்னு பொத்தாம்பொதுவா எழுதுவான். சொல்லிட்டு மேடம் என்னையத்தான் எழுப்பிக் கேட்டாவ. டக்குனு சொன்னேன். எல்லாரும் கை தட்டுனாளுவ.

இன்னும் என்னமோ சொன்னாவதான். அனுப்புன ஆளோட மெயில் அட்ரஸை எழுத்து எழுத்தாப் பாக்கணும், பயங்காட்டி அவசரப்படுத்துனா நம்பக் கூடாது, அதுல இருக்கறதைத் தொட்டு உள்ள போகக் கூடாது, நேரா நாமளே கணக்கைத் தொறந்து பாக்கணும். அதெல்லாம் பின்னால பக்கத்து வீட்டு ஜான்சி டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்னிக்கு அடுப்புல லேகியத்தை வெச்சுட்டு வந்திருந்தேன். அடிப்பிடிச்சிரும்லா. முதல் பாடம் முடிஞ்சதும் எந்திரிச்சு வந்துட்டேன். முக்கியமானதைத்தானே முதல்ல சொல்லுவாவ?

அது வரைக்கும் நான் மெயிலைத் தொறந்தே பாத்ததில்ல. பணம் வந்தா பேங்க்லேர்ந்து மெசேஜ் வரும், அது போதும். வகுப்புக்குப் போயிட்டு வந்த சூட்டுல தொறந்து பாக்கேன். இங்கிலீசு நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், முதல் வரி படிச்சாப் போதும்லா. படிச்சா, கம்பெனியிலேர்ந்து வந்திருக்கது பூராவும் 'ஹலோ' போட்டு அந்த மனுசன் பேரு!

அவரு பேரு என்னவா? அதை நான் சொல்ல மாட்டேன். மரியாதைன்னு நெனச்சிராதிய. வெறுப்புல சொல்ல மாட்டேன். முருகன் கையில என்ன இருக்கும்? ஆங். அதோட ஆயுதத்தைச் சேத்துக்கிடுங்க. அதேதான்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். வீட்டைவிட்டுப் போன மனுசனுக்கு என் ஃபோன்ல ஹலோவா? நான் ராப்பகலா வேகுதேன், ஹலோ அவருக்கா? கணக்கு அவரு பேர்ல இருந்தா என்ன, நடத்துறது யாருன்னு கம்பெனிக்குத் தெரியாமலா இருக்கும்? இது எவனோ களவாணி, பழைய பேரை எங்கயோ பொறுக்கிட்டு வந்து தூண்டில் போடுதான்னு முடிவு பண்ணேன். மேடம் சொன்ன பாடம் சரியாப் பொருந்துது. என் மெயில்ல என் பேரு இல்ல, அப்ப அது பொய். குப்பையில போடுறதுக்குன்னு ஒரு பட்டன் இருக்குல்லா, அதை அமுக்கிட்டேன். அதுக்குப் பெறகு அந்தப் பேர்ல எது வந்தாலும் தானாவே குப்பைக்குப் போயிரும். மனசு குளுந்து போச்சு, பொய் சொல்லல.

அந்த வாரத்துலயே கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி ஒண்ணு வந்துச்சு. அதே படம், அதே கலரு. முதல் வரி, 'டியர் உலகம்மாள்'.

டியர்னா அன்புள்ள. அது எனக்குத் தெரியும்.

என் முழுப் பேரு அதுதான் தாயி. யாரு கூப்பிடுதா அந்தப் பேரைச் சொல்லி? பொறந்த வீட்ல குட்டின்னாவ. இங்க வந்து இன்னாரு பொண்டாட்டி. சண்டைக்கு வாறவ கூட ஒலகுன்னுதான் கூப்பிடுவா. ரேஷன் கடையில நான் போய் வரிசையில நின்னாலும் அவரு பேரைத்தான் கத்துவான். எங்கயோ சீமையில இருக்க ஒரு கம்பெனி என்னைய 'அன்புள்ள உலகம்மாள்'னு எழுத்துப் பிசகாம எழுதிக் கேக்கு: உங்க கணக்கை நாளைக்கு மூடப் போறோம், நீங்கதான்னு உறுதி பண்ணுங்க, இங்க தொடுங்க. பாத்தியா, கடைசியில கம்பெனிக்குத் தெரிஞ்சு போச்சு யாரு முதலாளின்னு, அப்படின்னு எனக்கு ஒரே சந்தோசம். தொட்டேன். பாஸ்வேர்டு கேட்டான், போட்டேன். ஃபோனுக்கு ஒரு நம்பர் வரும், அதைப் போடுங்கன்னான், போட்டேன். நன்றி உலகம்மாள்னு வந்துச்சு. அன்னிக்குச் சாயங்காலம் கோயிலுக்குப் போயி விளக்கு ஏத்திட்டு வந்தேன்.

ஆமா, ஆமா. நீங்க மூஞ்சியைச் சுளிக்கிறதே தெரியுது. என் மெயில் ஐடியிலயே என் பேரு இருக்கு. அதைப் பாத்து எழுதிருக்கான் சண்டாளன். அதுக்கு ஒரு மூளை வேணுமா? ஜான்சி டீச்சர் பின்னால காட்டுனாவ, அனுப்புன அட்ரஸ்ல கம்பெனி பேருக்கு முன்னாலயும் பின்னாலயும் என்னென்னமோ ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. முதல்ல பிடிச்சு உலுக்க வேண்டியது அந்த பேங்க் மேடத்தைத்தான். பேரைச் சொன்னா நெசம்னு யாரு சொன்னது? அவியதானே சொன்னாவ?

எனக்கு விசயம் தெரிஞ்சது எப்படின்னு கேளுங்க. கனடாவுல மைதிலின்னு ஒரு பிள்ள. தலைப்பிரசவம், கூட ஒரு சனம் கிடையாது. அந்தப் பிள்ளைக்கு நான்தான் எல்லாம். அது ஃபோன் பண்ணுச்சு. எடுத்த எடுப்புல, "அம்மா, இப்ப எப்படி இருக்கு? டாக்டர் என்ன சொன்னாங்க?"ன்னு அழுகு. நான் என்ன சொன்னேன்? "எனக்கென்ன கேடு, கல்லு மாதிரி இருக்கேன், ஏன் கேக்க?"ன்னேன்.

அந்தப் பிள்ள அழுகையை நிறுத்திருச்சு. பெறகு மெல்லக் கேக்கு: "அப்ப ஆஸ்பத்திரியில இருக்கேன், அவசரமாப் பணம் வேணும்னு அனுப்புனீங்களே?"

நான் அனுப்பவே இல்லையே! நான் அனுப்பலன்னு சொல்லுதேன், அந்தப் பிள்ள நம்பல. "உங்க கணக்குலேர்ந்துதானேம்மா வந்துச்சு. நான் யோசிக்காம உடனே அனுப்பினேன்"னு சொல்லிட்டு, என்ன சொல்லுச்சு தெரியுமா? "கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனேம்மா. பொய் சொல்லணுமா?"ன்னுச்சு. வெச்சிருச்சு. நான் அப்படியே அம்மி மேல உக்காந்துட்டேன். பச்சை உடம்புக்காரி தாயி. பால் குடுக்கிற பிள்ள அழக் கூடாதுன்னு நான்தான் அதுக்குச் சொல்லிக் குடுத்தேன்.

அது ஒண்ணு மட்டும் இல்ல. கணக்குக்குள்ள இருந்த அட்ரஸை எடுத்து, எங்கிட்ட மருந்து வாங்குன பிள்ளைங்க அத்தனை பேருக்கும் என் பேர்ல அனுப்பிருக்கான்.

ஜான்சி டீச்சரைக் கூட்டிட்டு வந்து ஃபோனைக் காட்டுனேன். டீச்சர் குப்பையைத் தொறந்து பாத்துட்டுத் தலையில கை வெச்சுட்டாவ. உள்ள வரிசையாக் கெடக்கு. 'ஹலோ இன்னாரே, புது எடத்துலேர்ந்து யாரோ உங்க கணக்குக்குள்ள வந்திருக்காங்க, அது நீங்கதானா? இல்லன்னா உடனே சொல்லுங்க.' அடுத்தது, 'ஹலோ இன்னாரே, உங்க பாஸ்வேர்டை மாத்திருக்காங்க, நீங்கதானா?' கம்பெனி தொண்டை கிழியக் கத்திருக்கு தாயி. நெச மெயில் பூராவும் அந்த மனுசன் பேர்ல வந்து குப்பைக்குள்ள கெடக்கு. "ஏன் உலகம்மா, இதைப் பாக்கவே இல்லையா நீ?"ன்னு கேக்காவ. அந்தப் பேரைப் பாக்க எனக்கு இஷ்டமில்லன்னு டீச்சர்கிட்ட எப்படிச் சொல்ல?

கம்பெனிக்கு ஃபோன் போட்டுக் குடுத்தாவ டீச்சர். ஒரு பிள்ள தமிழ்லயே பேசுச்சு. கணக்கு வெச்சிருக்கவரு பேரு என்னன்னு கேட்டுச்சு. "முருகன் கையில..."ன்னு ஆரம்பிச்சேன். "மேடம், பேரு?"ங்கு. டீச்சர்தான் ஃபோனை வாங்கிச் சொன்னாவ.

அந்தப் பிள்ளகிட்ட எல்லாம் சொன்னேன். நடத்துறது நான், மருந்து செய்யுறது நான், என்கிட்டதான் வாங்குதுங்க, எல்லாம். பொறுமையாக் கேட்டுச்சு. கேட்டுட்டு, "சாரி மேடம். எங்க ரெக்கார்டுல நீங்க யாருமே இல்ல"ன்னுச்சு.

இத்தனை வருசம் வெந்ததுக்கு யாருமே இல்லையாம்.

கணக்கைப் பூட்டிட்டாவ. கணக்குக்காரரு நேர்ல வீடியோவுல வரணுமாம். அசல் கார்டைக் கையில பிடிச்சு, மூஞ்சியைக் காட்டி, இது என் கணக்குதான், என் வீட்ல இவ நடத்துதா, அந்த மெயிலெல்லாம் நாங்க அனுப்பலன்னு அவரு வாயால சொல்லணுமாம். அப்படிச் சொன்னா அந்தப் பிள்ளைங்களுக்கெல்லாம் கம்பெனியே எழுதிப் போடும், இது களவு, உலகம்மாள் மேல தப்பில்லன்னு. இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் கெடு. அதுக்குள்ள அவரு வரலன்னா முடிஞ்சு போச்சு, நான் பொய் சொல்லிப் பிடுங்குனவன்னே நெலைச்சிரும். சைபர் போலீசுக்கும் போனேன். அவியளும் அதேதான், கணக்குக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மான்னுட்டாவ. எந்தப் பக்கம் ஓடுனாலும் கடைசியில அந்த மனுசன் முன்னாலதான் போய் முட்டுது. எலிப்பொறிக்குள்ள சிக்குனாக் கூட எலி அதுபாட்டுக்குக் கத்திக்கிட்டுக் கெடக்கும். நான் பொறி வெச்சவனை விட்டுட்டு வீட்டுக்காரரைல்லா கெஞ்சணும்!

கெஞ்சத்தான் செஞ்சேன். டீச்சர் என் நம்பரை மாத்தச் சொல்லிட்டாவ, புது சிம்மு. அதுலேர்ந்து கூப்பிட்டேன். காரியம் ஆகணும்னா கழுதை காலையும் பிடிக்கணும்லா, அதனால கொரலைத் தேன் மாதிரி வெச்சுக்கிட்டேன். "ஏங்க, நான் ஒலகு பேசுதேன். நல்லா இருக்கியளா? சாப்ட்டியளா? முட்டி வலி எப்படி இருக்கு?"ன்னேன். பெறகு, "ஒங்க கார்டு கொஞ்சம் வேணும்"னேன்.

அதுக்கு அந்த மனுசன் என்ன சொன்னாரு தெரியுமா? "யாருட்டி நீ? இப்ப ஆளு கொரலையே மிஷின்ல செஞ்சு பேசுதானுவளாமே. மண்டபத்துல போலீஸ் வந்து சொல்லிட்டுப் போயிருக்கு. என் பொண்டாட்டி என்னையச் சாப்ட்டியான்னு கேட்டதே கிடையாது. வேற வீட்டைப் பாரு"ன்னுட்டு வெச்சுட்டாரு. மறுபடி கூப்பிட்டா போகல. என் நம்பரையே தடுத்துட்டாரு.

சிரிங்க, சிரிங்க. நல்லாச் சிரிங்க. கொழுப்பைப் பாத்தியளா? வாழ்க்கையில ஒரு தடவ மரியாதையாப் பேசுனேன், என்னையப் போலின்னுட்டாரு. கேட்டதே கிடையாதாம்! நேரத்துக்குச் சோறு போட்டா, தனியா வேற கேக்கணுமா?

அதான் கெளம்பிட்டேன். நேர்ல போய் நின்னா மிஷின்னு சொல்ல முடியாதுல்லா. ஆனா உள்ள விடணும்லா, அந்த ஆளுதான் வாசல் காவலே. என்னையப் பாத்துட்டு உள்ள போய்க் கதவைப் பூட்டிக்கிட்டா? தாயி, ஒங்க ஃபோனைக் கொஞ்சம் குடுங்களேன். ஒரே ஒரு கால். ஒங்க நம்பர்னா எடுப்பாரு. நம்பர் எனக்கு மனப்பாடம். எல்லாம் மறந்தாலும் அது மறந்து தொலைய மாட்டேங்கு.

மணி அடிக்கி.

ஹலோ. நான்தான்... வெச்சிராதிய, வெச்சிராதிய! மிஷினும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல, ஒலகுதான்! பஸ்ஸுல வாரேன், பக்கத்துல இருக்க பிள்ளையோட ஃபோன்... பணம் ஒண்ணும் வேண்டாம்... ஒங்க நம்பர் ஒண்ணும் சொல்ல வேண்டாம்ங்கேன். கார்டு கையில இருக்கான்னு மட்டும்... சரி. சரி, கேளுங்க. என்ன வேணா கேளுங்க.

என்னையச் சோதிக்காராம் தாயி. கேள்வி கேட்டு, பதில் சரியா இருந்தாத்தான் நான் நானாம்.

ஆங், சொல்லுங்க... கல்யாணம் ஆவணி மாசம். புளியரையில... அது பத்திரிகையில இருக்கா? ஊருக்கே தெரியுமா? சரி, வேற கேளுங்க... ஒங்க அம்மா பேரு கார்டுல இருக்குன்னா நான் என்ன செய்ய? வேற கேளுங்க. நம்ம ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்சது எதாவது...

எது?

அதை எதுக்கு இப்பக் கேக்கிய... எனக்கு ஞாபகம் இல்ல... இல்லங்க, நெசமாவே... இங்கன பஸ் பூரா ஆளு. பக்கத்துல சின்னப் பிள்ள உக்காந்திருக்கு. நேர்ல வந்து சொல்லுதேன், நேர்ல வந்து கால்ல... வெச்சிராதிய!

அன்னிக்கு வாசல்ல வெச்சு நான் என்ன சொன்னேன்னு கேக்காரு தாயி. கடைசியா என்ன சொன்னேன்னு. அது எங்க ரெண்டு பேரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாதாம். எந்தக் களவாணியும் அதைத் திருட முடியாதாம்.

சொல்லுதேன். இருங்க, சொல்லுதேன். நீங்க, 'கணக்கு என் பேர்ல இருக்கு, அதை மறந்துராத ஒலகு'ன்னிய. அதுக்கு நான்... அதுக்கு நான் சொன்னேன்... 'ஒங்க பேரு மட்டும் போதும் எனக்கு. ஆளு தேவையில்ல'ன்னு.

கேக்கலயா?

'ஒங்க பேரு மட்டும் போதும் எனக்கு, ஆளு தேவையில்ல'ன்னு சொன்னேன்! கேட்டுச்சா? நான்தான் சொன்னேன்!

...ஹலோ? ஹலோ? இருக்கியளா?

வெச்சுட்டாரு.

'ஒலகுதான்'னாரு தாயி. அவ்வளவுதான் சொன்னாரு. வாரேன்னும் சொல்லல, வரமாட்டேன்னும் சொல்லல. இந்தாங்க ஒங்க ஃபோனு. அந்தக் கண்டக்டர் என்ன திரும்பித் திரும்பிப் பாக்காரு? டிக்கெட் கிழிக்கிற வேலையைப் பாக்கச் சொல்லுங்க.

தண்ணி வெச்சிருக்கியளா? ஒரு மொடக்குப் போதும்.

நீங்க பாளையங்கோட்டையில இறங்கி நேரா வீட்டுக்குத்தானே? ஒரு எட்டு எங்கூட வாரியளா? உள்ள எல்லாம் வர வேண்டாம், மண்டபத்து கேட்டுக்கு வெளிய நின்னாப் போதும். எதுக்குன்னா, எனக்குப் பயமா இருக்கு. தனியாப் போனா, அவிய மூஞ்சியைப் பாத்ததும் நான் மறுபடி எதாவது சொல்லிருவேன் தாயி.